எங்கே கூடாரம் அடிப்பது? – தெமெங்கோர் ஏரிக்கரையில் ஓர் இடந்தேடல்

பேரவையின் ஆண்டு முகாம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? தீமூட்டம், குழு நாடகம், அரைவேக்காட்டுச் சோறு, சார்டின் சம்பல், விடிய விடியப் பாட்டு. ஆனால் அந்த முகாமை எங்கே நடத்துவது என்று முடிவு செய்யச் செயலவை எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடம்தான். புலனக் குழுவில் யாராவது ஒரு நிழற்படத்தைப் போடுவார். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், பின்னால் பச்சை மலை. "இங்க போலாம்லா!" என்று ஏழெட்டுக் கட்டைவிரல்கள் எழும். தீர்மானம் நிறைவேறிவிடும்.

2025ஆம் ஆண்டு முகாமுக்கு என்னை ஏற்பாட்டுக் குழுத் தலைவியாக நியமித்தபோதும் அப்படி ஒரு படம் வந்தது. பேராக்கின் வடகோடியில், தெமெங்கோர் ஏரியில் கலக்கும் ஒரு சிற்றாற்றின் முகம். பிறைபோல் வளைந்து கிடக்கும் மணல்திட்டு. அதன்மேல் வரிசையாக ஐந்து கூடாரங்கள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது. ஆனால் 'சரி' என்று எழுத மட்டும் விரல் வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடர வேண்டும்.

2019இல் நான் படிவம் நான்கு மாணவி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். அங்கே பெண் சாரணர் இயக்கத்தில் ஒரு குழுவின் தலைவி. மலையடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரையில் இரண்டு நாள் முகாம். "உன் குழுவின் கூடாரத்துக்கு நீயே இடம் பார்" என்றார்கள். பார்த்தேன். புல் இல்லை, வேர் இல்லை, கல் இல்லை. பாய் விரித்தாற்போல் மணல். தண்ணீர் பத்தடி தூரத்தில், பாத்திரம் கழுவ வசதியாக. யாரும் தடுக்கவில்லை. நல்ல இடம் என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

பிற்பகல் நான்கு மணிவாக்கில் எங்கள் தலைக்குமேல் வானம் நீலமாகவே இருந்தது. மலையுச்சிப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. பால் கலந்த தேநீர்போல ஆயிற்று. பிறகு இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. நாங்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு சத்தம். காட்டுக்குள்ளிருந்து லாரி வருவதுபோன்ற சத்தம். கூடாரம், காலணிகள், அரிசி மூட்டை எல்லாம் போக எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூடாரத்துக்குள் படிவம் ஒன்று மாணவி ஒருத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்தது நானல்ல. சமையல் வேலையில் இருந்த இன்னொரு தோழி. மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் அந்தப் பிள்ளையின் தோள்மூட்டு நழுவிவிட்டது. அவ்வளவோடு போயிற்று. பெரியவர்கள் எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள். நீரின் தலை என்று பொருள். முகாம் தொடர்பான சொற்கள் எனக்கு முதலில் மலாயில்தான் அறிமுகமாயின என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. வெள்ளத்துக்கு உண்மையாகவே ஒரு தலை இருக்கிறது; அது வரும்வரை உடல் வருவது தெரியாது. மேலே எங்கோ மலைமுகட்டில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும். செங்குத்தான சரிவுகளில் விழுந்த தண்ணீர் முழுவதும் ஒரே ஓடையில் சேர்கிறது. வழியில் விழுந்த மரங்களும் கிளைகளும் சிறிது நேரம் அணைபோல் அதைத் தடுத்து வைக்கும். அந்தத் தடுப்பு உடையும்போது எல்லாம் ஒரே மூச்சில் இறங்கும். கீழே குளிப்பவர் தலையில் ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் உயிர்களைப் பறித்ததும் இத்தகைய வெள்ளமே.

இனி தெமெங்கோருக்கு வருவோம். இது இயற்கையான ஏரி அன்று. பேராக் ஆற்றின் மேற்பகுதியில் 1970களில் ஓர் அணை கட்டப்பட்டது. 348 மெகாவாட் மின்னாற்றல் கொண்ட நிலையம் அங்கே இயங்குகிறது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீரே 15,200 ஹெக்டர் பரப்புள்ள இந்த ஏரி. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் வழியில், பாண்டிங் தீவில் கால்வைத்து ஏரியைக் கடக்கிறது. ஏரியின் வடபகுதியையும் அதைச் சூழ்ந்த காட்டையும் சேர்த்து 117,500 ஹெக்டர் நிலம் 2007இல் ரோயல் பெலும் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாச்சிப் பறவைகளையும் இந்த வட்டாரத்தில் காணலாம். நாங்கள் இரண்டு வகைதான் பார்த்தோம். அதுவும் ஒன்று பறந்து போன பிறகு.

பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது மலைகளின் உச்சிகள் தீவுகளாயின. அங்கே வாழ்ந்த ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள் தண்ணீருக்கடியில் போயின; பலர் மறுகுடியமர்வுத் திட்டங்களுக்கு மாற்றப்பட்டார்கள். காடும் நின்றபடியே மூழ்கியது. இன்றும் பட்ட மரங்கள் நீருக்குமேல் விரல்களைப்போல நீட்டிக்கொண்டு நிற்கின்றன. படத்தில் அது அழகு. படகோட்டிக்கு அதுவே பெருந்தலைவலி, ஏனென்றால் தெரியும் மரங்களைவிடத் தண்ணீருக்குச் சற்றுக் கீழே தெரியாமல் நிற்கும் கட்டைகளே அதிகம்.

முகாமுக்கு இடம் தேடுகிறவர் இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆற்றோரத்தில் இருந்த சமநிலம் பெரும்பாலும் இப்போது ஏரிக்கடியில் கிடக்கிறது. தண்ணீருக்குமேல் எஞ்சியிருப்பது மலைச்சரிவு. அப்படியானால் கரையில் கண்ணுக்குத் தெரியும் அந்த அழகான சமதரைகள் எங்கிருந்து வந்தன? ஆறு கொண்டுவந்தது. மலையிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீர் ஏரியைத் தொட்டதும் வேகம் குறைந்து, தூக்கிவந்த மணலையும் வண்டலையும் அங்கேயே இறக்கி வைக்கிறது. சாதாரண நாளில் சிற்றோடைக்கு அவ்வளவு மணலைத் தூக்கும் வலிமை கிடையாது. ஆக, மணல்திட்டு என்பது வெள்ளம் இறக்கி வைத்துவிட்டுப் போன சுமை. அது சமமாகவும் சுத்தமாகவும் இருப்பதற்குக் காரணம், வெள்ளம் அடிக்கடி வந்து அதைப் பெருக்கிவிட்டுப் போவதுதான். பதினாறு வயதில் நான் 'நல்ல இடம்' என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றும் உண்மையில் எச்சரிக்கையாக இருந்தது.

இதைச் செயலவைக் கூட்டத்தில் சொன்னேன். "அப்ப நேர்ல போய்ப் பாருங்கக்கா" என்றார் பொருளாளர் தம்பி. எரிச்சலோடு சொன்னாரா, அக்கறையோடு சொன்னாரா தெரியவில்லை. எப்படியோ, ஜூலை மாதம் நான்கு பேர் ஒரு மைவி காரில் கிளம்பினோம். முகாமுக்கு முன் ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பது வீண்செலவு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பெட்ரோல், டோல், படகு, சாப்பாடு எல்லாவற்றையும் நான்காகப் பகிர்ந்தபோது, முகாமில் ஆளுக்கொரு சட்டை அச்சடிக்க நாங்கள் ஒதுக்கியிருந்த தொகையைவிடக் குறைவாகவே வந்தது.

பாண்டிங் படகுத்துறையில் எங்களை ஏற்றிக்கொண்ட பாக் சிக், கிரிக் பக்கத்துக்காரர். ஏரியில் முப்பது ஆண்டு அனுபவம். நாங்கள் கைப்பேசியில் படத்தைக் காட்டினோம். உடனே இடம் தெரிந்துவிட்டது அவருக்கு. "மதியம் சாப்பிட நல்ல இடம்" என்றார். ராத்திரி தங்கலாமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படகைக் கிளப்பினார்.

போகும் வழியில் அவர் முதலில் காட்டியது கரையைச் சுற்றி ஓடும் ஒரு சிவப்புப் பட்டை. தண்ணீர் விளிம்புக்கும் மரங்கள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே புல் பூண்டு இல்லாத வெறும் செம்மண். அணை ஏரியில் நீர்மட்டம் நிலையாக நிற்காது. மழைக்காலத்தில் ஏறும், வறண்ட மாதங்களில் இறங்கும், மின்நிலையம் தண்ணீரை எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். அந்தச் செம்மண் பட்டைதான் ஏரி ஏறி இறங்கும் எல்லை. ஆகவே முதல் பாடம்: தண்ணீர் இன்று எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள், மரங்கள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். பட்டைக்குள் கூடாரம் அடிப்பது ஏரியின் வீட்டு வாசலில் பாய் போடுவதற்குச் சமம்.

அந்த மணல்திட்டில் இறங்கினோம். படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பாக் சிக் பேசாமல் ஓடைக்கரையில் வளைந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். என் தலைக்குமேல் கையை நீட்டினால் எட்டும் உயரத்தில், கிளைக் கவட்டில் காய்ந்த புல்லும் ஒரு நெகிழிப் புட்டியும் செருகியிருந்தன. யாராவது தமாஷுக்கு வைத்திருப்பார்களோ என்றார் எங்களுடன் வந்த தோழர். அடுத்த மரத்திலும் அதே உயரத்தில் புல். அதற்கடுத்த மரத்திலும். யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

அன்று கற்ற இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காலால் தரையைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது. மேலே சருகு, அதற்கடியில் மக்கிய சருகு, அதற்கடியில் கறுத்த மண் என்று அடுக்கடுக்காக இருந்தால், பல ஆண்டுகளாக அவ்விடத்தைத் தண்ணீர் தொடவில்லை என்று நம்பலாம். சருகைத் தள்ளியதும் நேராக மணலோ உருண்டைக் கற்களோ தெரிந்தால், தண்ணீர் அங்கே வந்திருக்கிறது. எத்தனை அடி உயரம் பாதுகாப்பு என்று பலர் என்னைக் கேட்டார்கள். ஒவ்வோர் ஓடையும் ஒவ்வொரு மாதிரி. அடிக்கணக்கைவிடத் தரையும் மரமும் சொல்வதுதான் சரியான கணக்கு.

திட்டின் பின்பக்கத்தையும் நடந்து பார்த்தோம். அங்கே ஒரு பழைய வாய்க்கால், அன்று காய்ந்து கிடந்தது. முன்னால் ஏரி, பக்கத்தில் ஓடை, பின்னால் வாய்க்கால். தண்ணீர் ஏறினால் அந்தத் திட்டு தீவாகிவிடும். இருட்டில், நாற்பத்திரண்டு பேர், பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. ஓர் இடத்திலிருந்து தண்ணீரைக் கடக்காமல் நேராக மேட்டுக்கு நடந்துபோக முடியவில்லை என்றால், அந்த இடத்தை அத்துடன் விட்டுவிடுவது என்று அங்கேயே நின்று முடிவெடுத்தோம்.

பிறகு ஏரியில் வேறு எங்கே தங்கலாம் என்று பார்த்தோம். படகு வீடு ஒரு வழி. கழிவறை, சமையலறை எல்லாம் உள்ளேயே உண்டு. மீன்பிடிக்க வருகிறவர்கள் தோமான் மீனுக்காக நாள்கணக்கில் அதில்தான் தங்குகிறார்கள். ஆனால் எங்கள் நிதிக்கு அது கட்டுப்படியாகாது. தவிர, இரவில் யாராவது தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்தால்? படகு வீட்டில் தங்குவது முகாமா என்பது தனி விவாதம்.

தீவில் தங்கினால் நீரின் தலை வராது. அது பெரிய நிம்மதி. காற்றும் இடியும்தான் கவலை. அதைவிடப் பெரிய கவலையைப் பாக் சிக் சொன்னார்: மூழ்கிய கட்டைகள் காரணமாக இரவில் அவர் படகு எடுப்பதில்லை. ஆக, இரவு பத்து மணிக்கு ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். பாண்டிங்கை விட்டு விலகிய சிறிது நேரத்தில் எங்கள் கைப்பேசிகளில் அலைவரிசையும் போய்விட்டது. இந்தக் காரணத்தால், தொலைவிலுள்ள எத்தனையோ அழகான இடங்களை நாங்கள் பார்க்காமலே கழித்துவிட்டோம். படகில் ஒரு மணி நேரத்துக்குமேல் என்றால் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை பற்றிக் கேட்டதும் இதனால்தான். சில தங்கைகள் அதை நிரப்பத் தயங்கினார்கள். நான் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன்.

பூர்வகுடி கிராமங்களின் அருகே தங்கலாமே என்ற யோசனையும் வந்தது. அது அவர்கள் வீட்டு முற்றம். கிராமத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சரியென்றால் போகலாம். படகிலிருந்து இறங்கிக் குழந்தைகளைப் படம் பிடித்துவிட்டு மிட்டாய் கொடுத்துவிட்டு வருவதற்கு நாம் யார்? தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு, வெளியிலிருந்து வந்து நம் லயன் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் நினைவிருக்கும்.

இதுவரை தண்ணீரைப் பற்றியே பேசிவிட்டேன். மேட்டில் ஏறிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும். காட்டில் பட்ட கிளை விழுவதற்குப் புயல் தேவையில்லை. நனைந்து கனத்தால் போதும். கூடாரத்துக்கு நேர்மேலே இலையில்லாத கிளையோ சாய்ந்த மரமோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வானளாவிய துவாலாங் மரத்தில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். இரவில் வெளிச்சத்தைத் தேடி அந்தத் தேனீக்கள் இறங்கி வரும் என்பதால், அதன் அடியில் விளக்கு வைத்துக்கொண்டு பாட்டுப் போட்டி நடத்துவது புத்திசாலித்தனம் ஆகாது.

மரத்துக்குப் பின்னால் சரிவு. 2022 டிசம்பர் 16 விடியற்காலையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பத்தாங் காலி – கெந்திங் மலைச் சாலையோரத்தில் ஒரு முகாம் தளத்தின்மீது மலை சரிந்தது. 92 பேர் சிக்கினார்கள். 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த குடும்பங்கள். உறங்கிக்கொண்டிருந்தவர்கள். அவ்விடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. பல நாள்களாகத் தொடர்ந்து பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழையே சரிவுக்குக் காரணம் என்று விசாரணை கூறியது. அன்றிரவு வானம் எப்படி இருந்தது என்பது மட்டும் போதாது. கடந்த ஒரு மாதம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதனால் நாங்கள் தேர்ந்தெடுத்த மேட்டுக்குப் பின்னால் செங்குத்தான வெட்டுக்கரை இருக்கக்கூடாது, மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கக்கூடாது, புதிதாகச் சரிந்த செம்மண் தழும்பு இருக்கக்கூடாது, அடிவாரத்தில் புதிய ஊற்றுக் கசியக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மழைக்கணக்கு பார்த்துத்தான் மாதத்தையும் தேர்ந்தெடுத்தோம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஆண்டிறுதியும், பிற்பகல் இடிமழை வலுக்கும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களும் வேண்டாமென்று ஒதுக்கி, ஆகஸ்டை எடுத்துக்கொண்டோம்.

விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டில் 'சீரா' எனப்படும் உப்பு ஊற்றுகள் இருக்கின்றன. யானை, தாப்பிர், கடமான், காட்டெருது எல்லாம் உப்புக்காக அங்கே வரும். அதன் பக்கத்திலோ அதற்குப் போகும் தடத்திலோ கூடாரம் அடிக்காதீர்கள். காட்டில் அகலமான, சுத்தமான பாதை ஒன்று தானாக அமைந்திருந்தால், அதை யார் போட்டார்கள் என்று யோசியுங்கள். சாணத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அட்டையைக் கண்டு அலறுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அட்டை கடித்து யாரும் இறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியாவும் நம் காடுகளில் உண்மையாகவே உண்டு. 2010இல் பகாங்கின் லூபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களில் சிலர் பிறகு நோய் கண்டு இறந்தார்கள். ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காலில் புண் இருந்தால் ஏரியில் இறங்காதீர்கள்.

பெண்பிள்ளைகள் வருகிற முகாமுக்குக் கழிவறை ஒரு பெரிய விஷயம். என் அம்மாவிடம் முகாம் என்று சொன்னதும் மூன்று கேள்விகள் வந்தன: "யாரு கூட வர்றா? கக்கூஸ் இருக்கா? ராத்திரி யாரு முழிச்சிருப்பா?" செயலவையில் நாங்கள் மாதக்கணக்கில் பேசி எடுத்த முடிவுகளை அம்மா மூன்று வரியில் முடித்துவிட்டார். கட்டிய கழிவறை இல்லாத இடத்தில் குழி தோண்டுவதானால், தண்ணீரிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளித் தோண்ட வேண்டும். சரிவான கரையில் அறுபது மீட்டர் என்றால் அது மேலே ஏறுவது. இரவில் ஒரு பெண் தனியாக அங்கே போக மாட்டாள். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்க மாட்டாள். மறுநாள் மயங்கி விழுவாள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கழிவறை உள்ள, பராமரிக்கப்படும் முகாம் தளமே வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "வசதி தேடுறீங்க" என்று தம்பிமார் சிலர் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

அனுமதியும் அப்படித்தான். ரோயல் பெலும் பகுதிக்குள் நுழைய மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இது வெறும் தாள் வேலை என்று நினைக்காதீர்கள். நாம் திரும்பவில்லை என்றால், எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று கரையில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாகச் சாலை. எங்கள் முதல் திட்டப்படி இரவு பதினொரு மணிக்குப் பேருந்து கிளம்பி விடியற்காலை பாண்டிங் போய்ச் சேர வேண்டும். ஓர் இரவு மிச்சம், ஒரு நாள் வாடகை மிச்சம். அந்தத் திட்டத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். 2025 ஜூன் 9 பின்னிரவில், அதே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், தாசேக் பாண்டிங் அருகே, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து விபத்துக்குள்ளானது. பதினைந்து மாணவர்கள் இறந்தார்கள். விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள்; எங்கள் வயது. மறுநாள் கூட்டத்தில் யாரும் விவாதிக்கவில்லை. பொருளாளர் தம்பி தாமாகவே பயணத்திட்டத்தைத் திறந்து, இரவு பதினொரு மணியை அழித்துக் காலை ஆறு மணி என்று மாற்றினார். ஒரு நாள் குறைந்தது. நீர்வீழ்ச்சிப் பயணமும் குழு நாடகப் போட்டியும் போயின.

நாங்கள் இறுதியில் தேர்ந்தெடுத்த இடத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. அடுத்த ஆண்டு நீர்மட்டம் வேறாக இருக்கும். ஒரு மரம் பட்டுப்போயிருக்கும். என் கட்டுரையை நம்பி யாரும் பார்க்காமல் போய்விடக்கூடாது. ஏரியின் ஓர் உள்மடிப்பில், செம்மண் பட்டைக்கு மேலே, யானை முதுகுபோல் கிடக்கும் ஒரு மேடு. படகுத்துறையிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நான்கு கழிவறைகள். அழகு என்று சொல்ல முடியாது. வேர்கள் முதுகில் குத்தும். கரையிலிருந்து அரிசியையும் எரிவாயுத் தோம்பையும் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் முதலாமாண்டுத் தம்பிகள் என்னை எப்படியெல்லாம் திட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல்நாள் பிற்பகல் மதிய உணவுக்குப் படத்தில் வந்த அந்த மணல்திட்டுக்கே எல்லாரையும் அழைத்துப் போனோம். இரண்டு மணி நேரம் ஆசைதீரப் படம் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது, தண்ணீர் விளிம்பிலிருந்து நாலடி தள்ளி ஒரு மூங்கில் குச்சியை நட்டுவைத்தேன். அன்று மாலை ஐந்து மணிக்கு மழை தொடங்கி இரவு ஒன்பது வரை பெய்தது. நான் சரியாகத் தூங்கவில்லை. ஓடையின் சத்தம் அங்கிருந்து கேட்க வழியில்லை என்று தெரிந்தும் காது அதையே தேடிக்கொண்டிருந்தது.

காலையில் பாக் சிக்குடன் நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பார்த்தோம். திட்டு அங்கேயே இருந்தது. குச்சியும் நின்றுகொண்டுதான் இருந்தது. தண்ணீர் அதன் அடியை ஒரு சாண் உயரத்துக்கு நனைத்திருந்தது. பின்பக்க வாய்க்காலில் முழங்காலளவு கலங்கல் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானாக்கா?" என்றார் ஒரு தம்பி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அவ்வளவுதான்" என்றேன். குச்சியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு படகில் ஏறினோம். மேட்டில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தது.